செருப்புக் காவல்

ஊர்ப் பேரைச் சொல்லப்போவதில்லை. தாமிரபரணியின் தென்கரையில், வாழைத் தோப்புகளுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே கிடக்கிற ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் 'எங்க ஊரை எதுக்குவே பேய் ஊராக்குதீரு' என்று வாசலில் வந்து நிற்பார்கள். நம் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வந்தால் லேசில் திரும்பிப் போகிறவர்கள் இல்லை. எனக்கு அதற்குத் தெம்பு கிடையாது.

அந்த ஊர் மின் அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருப்பவள் சொர்ணாம்பாள். ஐம்பதைத் தொடுகிற வயசு, குள்ளமான உருவம், தோளில் எப்போதும் ஒரு சாப்பாட்டுப் பை. கணவர் திருச்செந்தூரில் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைக்கு வருவார். மகள் ஸ்னேகா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தினமும் போனில் கூப்பிட்டு அம்மாவைத் திட்டுவாள். திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிய தன் அம்மாவை ஊர் முழுக்க 'செருப்புக் காவல் மேடம்' என்று கூப்பிடுவது எந்த மகளுக்குத்தான் பிடிக்கும்?

அந்தப் பட்டப்பேர் வந்த கதையைச் சொல்ல, கொஞ்சம் வேலை விவரம் சொல்ல வேண்டும். பயந்துவிடாதீர்கள், கொஞ்சம்தான். தெருவில் லைன் அறுந்து போனால், முதலில் டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்குவார்கள். பிடுங்கிவிட்டால் கம்பியில் மின்சாரம் இல்லை. ஆட்கள் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கலாம். வேலை முடிந்து எல்லாரும் இறங்கியபிறகு கட்டைகளைத் திரும்பச் செருகுவார்கள். செருகும்போது மேலே ஒரு ஆள் இருந்தால், அப்புறம் அந்த ஆள் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

சொர்ணாம்பாள் அந்தக் கட்டைகளைத் தன் கையாலேயே வாங்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். கம்பத்துக்குப் போகிற ஆட்கள் அத்தனை பேரும் டிரான்ஸ்பார்மரின் அடியில், அவள் காலடியில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். அலுவலகத்தில் கொடுத்த பூட்ஸ் எல்லாம் பீரோவில் தூங்குகிறது. வாழைத் தோப்புச் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால் வரும், பூட்ஸ் வராது. எப்படியும் வெறுங்காலோடுதான் போகப்போகிறார்கள். இறங்கி வந்தவன் அவள் முன்னால் நின்று தன் பேரைத் தன் வாயால் சொல்லி, தன் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் சொல்லக் கூடாது, ஒருத்தன் செருப்பை இன்னொருத்தன் தொடக் கூடாது. தரை காலியானால்தான் கட்டை பையிலிருந்து வெளியே வரும். அதுவரைக்கும் வெயிலோ மழையோ, அவள் அந்தச் செருப்புகளோடு நிற்பாள்.

அவளுக்கு உயரம் ஆகாது. ஏணியில் மூன்றாவது படியிலேயே கண்ணைக் கட்டும். அதை அவள் மறைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அதிகாரி கேலி செய்தபோது, "ஏறத் தெரியாதவளுக்கு நிக்கவாவது தெரியணும்லா சார்" என்றாள். அன்றிலிருந்து நிற்கிறாள். ரப்பர் கையுறையில் ஊசித் துளை இருக்கிறதா என்று தினமும் காலையில் தானே காற்றை அடைத்து, சுருட்டி, கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஆட்கள் சாப்பிட்டபிறகு சாப்பிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவரைப் போல ஒரு பொறியாளர் நிற்பதை ஊர் சும்மா விடுமா? பேர் வைத்துவிட்டது.

ஆனால் அவள் இந்த வழக்கத்தைத் தன் மூளையிலிருந்து எடுக்கவில்லை. அது ஒரு ஜோடி செருப்பிலிருந்து வந்தது.

அவள் இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், வாய்க்கால் வளைவில் இருக்கிற கம்பத்தில் துரைப்பழம் என்கிற லைன்மேன் ஏறியிருக்கிறார். அப்போதைய அதிகாரி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் கேட்டார்: "எல்லாரும் இறங்கியாச்சா?" ஃபோர்மேன் மகேஸ்வரன் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றிருந்தார். தோப்புக்குள் யாரோ நடந்து போவதைப் பார்த்து அதுதான் துரைப்பழம் என்று நினைத்து, "எல்லாரும் இறங்கியாச்சு சார்" என்று சொல்லிவிட்டார். கட்டை செருகப்பட்டது. துரைப்பழத்தின் நீலச் செருப்பு அப்போது மகேஸ்வரனின் காலடியில்தான் கிடந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சொர்ணாம்பாள் வந்து சேர்ந்த அன்று டிரான்ஸ்பார்மரைப் பார்க்கப் போனவள், "இது யாரு செருப்பு?" என்று கேட்டாள். நீல வார் பிய்ந்து, ஊக்குக்குப் பதில் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்த ஹவாய் செருப்பு. தயங்கித் தயங்கித்தான் ஒருத்தர் துரைப்பழத்தின் பேரைச் சொன்னார். ஒரு வருஷமாக அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. புல் வெட்டுகிறவர்கள்கூடச் சுற்றி வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் அதை ஒரு துணிப்பையில் வைத்துத் துரைப்பழத்தின் வீட்டுக்குக் கொண்டு போனாள். அவர் மனைவி இசக்கியம்மாள் வாசலில் நின்று பையைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"எடுத்த எடத்துலயே வச்சிருங்கம்மா. கழட்டுனது அவரு. அவரே வந்து மாட்டிக்கிடட்டும்."

"அவரு எப்படிம்மா..."

"எறங்கச் சொல்லாம எப்படி எறங்குவாரு? யாரும் கூப்புடலயே."

அந்த வீட்டில் மின்சாரம் இல்லை. இசக்கியம்மாள் தானே போய் எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பொழுது அடைந்தால் சிம்னி விளக்குத்தான். கதவை மட்டும் சாத்துவதில்லை. சொர்ணாம்பாள் செருப்பைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பும்போது முதுகில் சில்லென்று ஒரு காற்று பட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? மறுநாள் முதல்தான் ஆட்களைச் செருப்பை அவள் காலடியில் விடச் சொன்னாள்.

பிறகு அந்த மார்கழி வெள்ளம் வந்தது. ஆறு ஊருக்குள் வந்து, தோப்பைச் சாய்த்து, டிரான்ஸ்பார்மரின் இடுப்பு வரைக்கும் நின்றுவிட்டுப் போனது. வடிந்தபிறகு பார்த்தால் வண்டல்தான் இருந்தது. நீலச் செருப்பு போன இடம் தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மகேஸ்வரன் அன்றைக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

வளைவுக் கம்பம் மட்டும் அப்படியேதான் இருந்தது. வெள்ளத்தில் சுற்றி இருந்த கம்பமெல்லாம் சாய்ந்தது, அது சாயவில்லை. அங்கே பீங்கானோடு கம்பியைச் சேர்த்துக் கட்டுகிற கட்டு, யார் கட்டினாலும் மூன்றாம் மாதம் அவிழ்ந்து தொங்கும். ஆட்கள் அதில் ஏறுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்து, "அண்ணே, ஏறுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள். கட்டையைப் பிடுங்கி வைத்திருக்கிற நேரத்திலும் அந்தக் கம்பி சில சமயம் மெல்ல இரையும். சொர்ணாம்பாள் டிரான்ஸ்பார்மரடியில் நின்றபடி அந்த இரைச்சலைக் கேட்டிருக்கிறாள். பையைத் தொட்டுப் பார்ப்பாள். கட்டைகள் உள்ளேதான் இருக்கும். மின்சாரம் இல்லாத கம்பியில் என்ன இரைச்சல் என்று பொறியாளர் மூளை கேட்கும். காற்று என்று அதே மூளை பதில் சொல்லிக்கொள்ளும்.

இந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. மத்தியானம் ஒரு தென்னை மட்டை விழுந்து தோப்பு வழியாகப் போகிற லைன் அறுந்தது. ஊரே இருட்டு. சொர்ணாம்பாளுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஸ்னேகா போனில், "லீவு போட்டுட்டுப் படும்மா. ஒங்க ஆளுங்க என்ன சின்னப் புள்ளைங்களா?" என்றாள். சொர்ணாம்பாள் ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள்.

மகேஸ்வரன், மேலப்பாளையத்துப் பையன் சதாம், போன வருஷம் வேலைக்கு வந்த ஹரீஷ், மூன்று பேரும் அவள் காலடியில் செருப்பை விட்டுவிட்டுத் தோப்புக்குள் இறங்கினார்கள். பையன் என்றா சொன்னேன்? சதாமுக்குக் கல்யாணமாகி, மனைவி சபீதா முழுகாமல் இருக்கிறாள். அன்றைக்குக் காலையில்தான் அவன் சொர்ணாம்பாளிடம் வெட்கப்பட்டுக்கொண்டே அதைச் சொல்லி, ஒரு பெட்டி அல்வாவையும் நீட்டினான். அந்த அல்வா இன்னும் பிரிக்காமல், ஃபியூஸ் கட்டைகளோடு சாப்பாட்டுப் பையில் கிடந்தது.

மழை விடவில்லை. குடை பெயருக்குத்தான். அவளுக்குப் பல் தந்தியடித்தது. தோப்புக்குள்ளிருந்து மகேஸ்வரன் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "மேடம், ஜீப்புல போயி உக்காருங்களேன்" என்றார். அவள் தலையை ஆட்டினாள், நகரவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு வேலை முடிந்தது. ஹரீஷ் வந்து பேர் சொன்னான். சதாம் வந்து பேர் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் முன்னால போயி டீ சொல்லி வைக்கேன் மேடம், நீங்க நடுங்குதிய" என்று வாய்க்கால் பாதையில் வேகமாகப் போனான். கடைசியாக மகேஸ்வரன் வந்து பேர் சொன்னார். அதற்குள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வைத்தி குடையோடு வந்து சேர்ந்திருந்தார். அவர் வீட்டில் அன்றைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம்; வந்தவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"முடிஞ்சுது மேடம்," என்றார் மகேஸ்வரன். "எல்லாரும் எறங்கியாச்சு. கட்டையக் குடுங்க, நான் போட்டுருதேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் பைக்குள் கையை விட்டு முதல் கட்டையைப் பிடித்தாள். பிடித்தபடியே, பழக்கத்தில், குனிந்து தரையைப் பார்த்தாள்.

தரையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

அவள் தன் காலைப் பார்த்தாள், ஹரீஷின் காலைப் பார்த்தாள், மகேஸ்வரனின் காலைப் பார்த்தாள். எல்லாக் காலிலும் செருப்பு இருந்தது. திரும்பவும் தரையைப் பார்த்தாள். நீல வார். வாரைச் செம்புக் கம்பி இறுக்கியிருந்தது. அந்த மழையில், அத்தனை பேரும் சொட்டச் சொட்ட நிற்கிற இடத்தில், அந்தச் செருப்பு காய்ந்து கிடந்தது.

மகேஸ்வரனும் பார்த்துவிட்டார். "அது... எவனாவது விட்டுட்டுப் போயிருப்பான் மேடம். வெள்ளத்துல வந்து எங்கனயாவது கெடந்திருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அதை வாய்க்காலுக்குள் தள்ளிவிடக் காலை நீட்டினார்.

"தொடாதிய!" என்றாள் சொர்ணாம்பாள். அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

"என்னம்மா இது," என்றார் வைத்தி. "எல்லாரும் எறங்கியாச்சுன்னு அவரே சொல்றார். மாப்பிள்ளையாத்துக்காரா இருட்டுல ஒக்காந்திண்டிருக்கா. ஒரு பழஞ்செருப்புக்காக ஊரையே நிறுத்தி வெக்கறதா?"

"தரை காலியாகல சார்," என்றாள் அவள். "சதாம் எங்க?"

"டீக்கடைக்குப் போனாம்லா."

"கூப்புடுங்க."

ஹரீஷ் போன் போட்டான். சதாமின் போன் அங்கேயே, கருவிப் பைக்குள்ளிருந்து மணியடித்தது. டீக்கடைக்குப் போட்டான். கடைக்காரர், இங்கே யாரும் வரவில்லை என்றார்.

வைத்தியின் குடை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. தோப்புக்குள்ளிருந்து, மழைச் சத்தத்தையும் மீறி, அந்தக் கம்பியின் இரைச்சல் கேட்டது. "ஹரீஷ்," என்றாள் அவள், "வளைவுக் கம்பத்துக்கு ஓடுங்க." அவளுக்கே ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கட்டைகள் அவள் தோளில் இருந்தன. கட்டை இருக்கிறவள் இடத்தை விட்டு நகரக் கூடாது. பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அல்வாப் பெட்டி விலா எலும்பில் குத்தியது. அல்லா, முருகா, இசக்கித்தாயே என்று யார் பேர் வந்ததோ அத்தனை பேரையும் கூப்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஹரீஷ் சதாமைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஹரீஷ் அழுதுகொண்டிருந்தான். "மேலதான் இருந்தான் மேடம். ரெண்டு கையும் கம்பில இருந்திச்சி."

சதாம் தலை குனிந்து நின்றான். அவன் செருப்பு வளைவுக் கம்பத்தடியில் கிடந்தது. டீக்கடைக்குப் போகிற வழியில், அங்கே கட்டு அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்து சொன்னால் அவள் இன்னும் மழையில் நிற்க வேண்டியிருக்கும். ஒரு நிமிஷ வேலைதானே, தெரியாமல் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று ஏறிவிட்டான்.

"நீங்க காய்ச்சலோட நனைஞ்சுக்கிட்டு நிக்கிய... அதான் சொல்லல மேடம்."

அவளுக்கு வந்த கோபத்தில் அவன் தோளில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டாள். "நான் நனைஞ்சா தொடச்சுக்கிடலாம்லே," என்றாள். "நீ போயிட்டா ஒன் பொண்டாட்டிட்ட என்னத்தலே கொண்டு குடுப்பேன்? செருப்பையா?" யாரையும் மரியாதை இல்லாமல் பேசாதவள். தான் இவர்களுக்காக நின்ற நிலைதான் இவனைச் சொல்லாமல் ஏற வைத்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தனியா ஒண்ணும் ஏறல மேடம். கீழ ஹரீஷ் நின்னான்லா, அந்தத் தைரியத்துலதான்," என்றான்.

"நானா?" என்றான் ஹரீஷ். "நான் இங்கனல்லா இருந்தேன்?"

"அப்பொ 'பைய லே, பைய'ன்னு சொன்னது யாரு?"

மகேஸ்வரன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அலுவலகத்தில் பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும். மெதுவாக என்று, மேலே ஏறுகிற ஒவ்வொருத்தனிடமும் துரைப்பழம் சொல்லிவந்த சொல் அது.

வைத்திதான் முதலில் வாயைத் திறந்தார். குரல் இப்போது தழைந்திருந்தது. "எல்லாரும் வந்தாச்சோல்லியோ அம்மா. இனிமே போட்டுடலாமே."

சொர்ணாம்பாள் தரையைக் காட்டினாள். நீலச் செருப்பு அங்கேயேதான் இருந்தது. "இன்னும் ஒருத்தரு இருக்காரு சார்."

அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். இத்தனை வருஷத்தில் லைன் வேலை நடக்கும்போது அந்தப் பையை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. உட்கார்ந்திருந்த மகேஸ்வரனின் மடியில் அதை வைத்தாள்.

"வேண்டாம் மேடம். என்கிட்டயா? நான்தானே அன்னைக்கு..."

"தெரியும். நீங்கதான் வச்சிருக்கணும். நான் வந்து பேரு சொல்லுத வரைக்கும் யாரு கேட்டாலும் குடுக்காதிய."

தன் செருப்பைக் கழற்றி நீலச் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக விட்டாள். வெறுங்காலோடு தோப்புக்குள் இறங்கினாள். பின்னால் வர எழுந்த சதாமைக் கையால் நிறுத்தினாள்.

வாழை இலைகள் மழையில் படபடவென்று அடித்துக்கொண்டன. சேறு முழங்கால் வரை வந்தது. வளைவுக் கம்பத்தடியில் சதாமின் செருப்பு கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். உயரத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவள். கண்ணை மூடாமல் பார்த்தாள். மேலே மங்கிய வானமும் கம்பியும் மட்டும்தான் தெரிந்தன. கம்பி இரைந்துகொண்டிருந்தது.

தினமும் ஆட்களைக் கூப்பிடுகிற அதே குரலில், "துரைப்பழம் அண்ணாச்சி," என்று கூப்பிட்டாள். "வேலை முடிஞ்சிட்டு. கட்டை நம்ம கையிலதான் இருக்கு. எறங்கி வாங்க. நான் நிக்கேன்."

இரைச்சல் நின்றது.

கம்பி ஒரு தடவை மெல்லத் துள்ளியது, பாரம் இறங்கியதுபோல. கம்பத்தில் உடம்பு உரசி இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் சேற்றில் தொப்பென்று இரண்டு கால் ஊன்றியது. வியர்வையும் பீடியும் கலந்த வாடை ஒரு நொடி வந்து போனது. பிறகு அவளுக்கு முன்னால், வந்த வழியிலேயே, சளக் சளக்கென்று நடை. சேற்றில் ஒவ்வொரு குழியாக விழுந்து, விழுந்த உடனே தண்ணீர் நிறைந்தது. அவள் அந்தக் குழிகளை மிதிக்காமல் பின்னாலேயே நடந்தாள். வாய் விட்டு அழுதாள். பயத்தில் அழுகிறோமா என்று யோசித்துப் பார்த்தாள், இல்லை.

டிரான்ஸ்பார்மருக்கு வந்தபோது ஹரீஷ், சதாம், வைத்தி மூன்று பேரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்கள். யார் அப்படித் திரும்பச் சொன்னார்கள் என்று பின்னால் கேட்டபோது ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. மகேஸ்வரன் மட்டும் பையை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

தரையில் அவளுடைய செருப்பு மட்டும் இருந்தது.

"சொர்ணாம்பாள்," என்று தன் பேரைச் சொல்லி அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். சதாமும் தன் பேரைச் சொல்லி, அவள் கொண்டுவந்த செருப்பை மாட்டிக்கொண்டான்.

மகேஸ்வரன் கண்ணைத் திறந்தார். "தோள்ல கை வச்சாரு மேடம்," என்றார்.

"நீங்களே போடுங்க," என்றாள் அவள்.

மகேஸ்வரன் எழுந்து, தரையை ஒரு தடவை பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினார். தோப்புக்கு அப்பால் ஊரில் விளக்குகள் எரிந்தன. வைத்தி வீட்டுப் பக்கமிருந்து நாகஸ்வரம் ஒலிபெருக்கியில் பாதியிலிருந்து ஆரம்பித்தது. வைத்தி குடையை மடக்கிக்கொண்டு, அந்த மழையில் நனைந்தபடியே போனார்.

சொர்ணாம்பாள் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினாள். வழியில்தான் இசக்கியம்மாளின் தெரு. இரண்டு பக்கமும் எல்லா வீட்டிலும் டியூப்லைட் எரிந்தது. அந்த ஒரு வீட்டில் மட்டும் சிம்னி விளக்கு. கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. அவள் வண்டியை மெதுவாக்கினாள்.

வாசல்படியில் நீலச் செருப்பு இருந்தது, வீட்டுக்குள் போனவர் கழற்றிவிட்ட மாதிரி. செம்புக் கம்பியில் விளக்கு வெளிச்சம் பட்டது. செருப்பு இப்போது நனைந்திருந்தது. வார் வரைக்கும் தோப்புச் சேறு அப்பியிருந்தது.

உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு இசக்கியம்மாளின் குரல். அழுகை இல்லை, கோபம் இல்லை, வேலைக்குப் போய் வந்த புருஷனிடம் எந்தப் பெண்சாதியும் கேட்கிற கேள்விதான்.

"ஏன் இம்புட்டு நேரம்?"

சொர்ணாம்பாள் இன்ஜினை அணைத்தாள். பதில் வருகிறதா என்று கேட்க அவள் நிற்கவில்லை. சத்தம் வராமல் வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.